கொமினிகேஷனும் என் மான் வலைப்பூவும்

திருகோணமலைத் துறைமுகப் பக்கத்தில் வலைப்பூ எழுதுகிற எவரும் கொமினிகேஷனிடமிருந்து தப்பியது கிடையாது. நீங்கள் பெயரை மறைத்து எழுதலாம். கட்டின மனுசனுக்கே தெரியாமல் எழுதலாம். நாலைந்து பதிவுக்குள் அவர் உங்கள் வீட்டு வாசலில், கையில் அரைக் கிலோ திராட்சைப்பழத்துடன் நிற்பார்.

அவருடைய சொந்தப் பெயர் எங்களில் யாருக்கும் தெரியாது. இறங்குதுறைக்கு எதிரே, போட்டோக்கொப்பி எடுத்து போனுக்கு ரீலோட் போட்டுக்கொடுக்கிற கொமினிகேஷன் கடை வைத்திருக்கிறார். கடையின் பெயரே ஆளுக்கும் ஒட்டிக்கொண்டது. வயது முப்பத்தைந்துக்குள் இருக்கும். மூதூர்ப் படகைப் பிடிக்க வந்தவர் அடையாள அட்டையை நீட்டிக்கொண்டு துடிப்பார். இவர் போனில் யாரோ ஒருவரின் பதிவுக்குக் கண்கலங்கிப் பின்னூட்டம் எழுதிக்கொண்டிருப்பார். "கொஞ்சம் பொறுங்கோ ஐயா, இந்தப் பிள்ளையின்ர பூனை செத்துப்போச்சு" என்பார். ஐயாவும் பொறுப்பார். படகு பொறுக்காது.

நான் அவரிடம் அகப்பட்டது இப்படித்தான். வவுனியாவிலிருந்து இடமாற்றத்தில் இந்த ஊருக்கு வந்தபோது எனக்கு ஐம்பது தாண்டிவிட்டது. வாடகை அறை, தனிச் சமையல், கதைக்க ஆளில்லை. இந்த ஊர் வீதிகளில் மான்கள் திரியும். மரக்கறிக் கடைக்கு முன்னால் நின்று கோவா இலை தின்னும். அதுகளைப் படமெடுத்து ஒரு வலைப்பூ தொடங்கினேன். வாசித்தது வவுனியாவிலிருக்கும் என் தங்கச்சி மட்டும். அவளும் படம் திறக்கும் முன்பே "நல்லா இருக்கு" என்று போட்டுவிடுவாள். ஆண்டு முடியும்வரை பார்ப்பது, பிறகு வலைப்பூவை மூடிவிட்டு ஊரோடு போய்விடுவது என்று நினைத்திருந்தேன். உள்ளதைச் சொன்னால், மான்களைத் தவிர இந்த ஊரில் எனக்கு ஒருவரையும் தெரியாது.

ஆள் பிடிக்க ஒரு வழி செய்தேன். இந்த ஊரில் எழுதுகிற எல்லாருடைய பக்கத்துக்கும் போய், ஒரு வரியும் வாசிக்காமல், "அருமை! என் பக்கத்துக்கும் வாருங்கள்" என்று ஒட்டிவிட்டு வந்தேன். அடுத்த கிழமை கொமினிகேஷன் நான் வேலை செய்கிற கந்தோருக்கே வந்துவிட்டார்.

"நீங்கள்தானே மான் அக்கா?"

"ஓம்."

"செத்தவீட்டுக்குப் போய்க் கடை நோட்டீஸ் குடுப்பியளோ?"

கந்தோரே திரும்பிப் பார்த்தது. நான் "அருமை!" என்று போட்ட இடங்களில் ஒன்று, அந்தப் பூனை செத்த பதிவு.

எனக்கு முகமெல்லாம் எரிந்தது. "தம்பி, இது வேலை நேரம்" என்றேன். அவர் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு இருந்தார்.

"பெருநாளுக்குப் பக்கத்து வீட்டில இருந்து கோப்பையில வட்டிலப்பம் வந்தா என்ன செய்வியள்? கோப்பையை வெறுமையாத் திருப்பிக் குடுக்கிறேல்லைத்தானே? பலகாரம் இல்லாட்டி ரெண்டு வாழைப்பழமெண்டாலும் வச்சுத்தான் குடுப்பம். பதிவும் அப்பிடித்தான் அக்கா. முதல் சாப்பிட்டுப் பாருங்கோ. பிறகு எதையாவது வச்சுக் குடுங்கோ."

எழும்பிப் போகும்போது திரும்பி நின்று, "அந்தக் கொம்பு ஒடிஞ்ச மான் இப்ப சுகமோ?" என்று கேட்டார். நான் படம் போட்ட மான்களில் ஒன்று அது. என் தங்கச்சிகூட அதைக் கேட்கவில்லை. என் கோபம் போன இடம் தெரியவில்லை. ஊருக்குப் போகிற யோசனைவரை எல்லாவற்றையும் அவரிடம் கொட்டிவிட்டேன்.

பின்னூட்டத்தோடு நின்றுவிடுகிற ஆளா அவர்? எழுதுகிறவரை வீடு தேடிப்போய்க் காணவேண்டும் என்பது அவருடைய சட்டம். கிண்ணியாவில் ஒருத்தி பெயரை மறைத்து, மாமியாரின் சமையலை நக்கலடித்து எழுதிக்கொண்டிருந்தாள். அவள் சமைக்கிற குசினியின் படத்தில், யன்னலுக்கு வெளியே பாலம் தெரிந்ததாம். அதை வைத்தே வீட்டைக் கண்டுபிடித்துவிட்டார். "பொம்பிளையள் இருக்கிற வீடு, நான் தனியப் போகேலாது. நீங்களும் வாங்கோ அக்கா" என்றார். அவர் மோட்டார் சைக்கிளில் முன்னால் போக, நான் ஸ்கூட்டியில் பின்னால் போனேன்.

கதவைத் திறந்தது மாமியார். நான் வாயைத் திறக்கும் முன் கொமினிகேஷன் திராட்சையை நீட்டி, "மாமியாரின்ர சமையலைப் பற்றி எழுதுறது இந்த வீட்டு மருமகள்தானே?" என்று கேட்டேவிட்டார்.

உள்ளே ஏதோ விழுந்து உடைந்தது. மருமகள் குசினி வாசலில் வெளிறிப்போய் நின்றாள். ஐயோ, எனக்கு அப்படியே திரும்பி ஓடலாம் போலிருந்தது.

"என்னயாம் எழுதியிரிக்கா? வாசிங்க, கேப்பம்" என்று மாமியார் கதிரையில் அமர்ந்தார்.

நானே வாசித்தேன். மாமியார் மீன் ஆணத்துக்குப் புளியை மறந்துவிட்டு உப்பைக் கடலிலிருந்து நேரே அள்ளிப் போடுகிறார் என்ற இடத்தில் என் குரல் அடங்கிவிட்டது. அவர் முகம் அசையவில்லை. முடிந்ததும் மருமகளைப் பார்த்து, "உப்புக் கதை சரி. நான் எப்பயாம் புளிய மறந்தன்? அத மாத்து" என்றார். பிறகு சிரித்தார் பாருங்கள், புரையேறும்வரை சிரித்தார். அதன்பிறகு அவர் சொல்லச் சொல்ல மருமகள் எழுதுகிறாள். இரண்டு பேரும் என் மான்களையும் விடாமல் வாசிக்கிறார்கள். உப்புவெளியிலும் சீனன்குடாவிலும் இப்படியே ஆட்கள் கிடைத்தார்கள். பூனைக்காரப் பிள்ளைகூட என்னோடு ராசியாகிவிட்டது.

போன மாரியில் கொமினிகேஷனின் பின்னூட்டங்கள் திடீரென்று நின்றுபோயின. கடைக்குப் போனால் பூட்டுத் தொங்கியது. வீதிக்குக் குறுக்கே பாய்ந்த மானுக்கு விலத்தப் போய், மோட்டார் சைக்கிளோடு விழுந்து வலதுகை முறிந்துவிட்டதென்று பக்கத்துத் தேத்தண்ணிக் கடைக்காரர் சொன்னார். ஆசுபத்திரிக்கு ஓடினேன். பெயர் தெரியாமல் வாசலில் நான் தடுமாற, "கொமினிகேஷனோ? அந்தா, சனம் நிக்கிற கட்டில்" என்று தாதி கையைக் காட்டினார்.

மாமியாரும் மருமகளும் ஆணத்தோடு நின்றார்கள். பூனைக்காரப் பிள்ளை கேக்கோடு நின்றது. என்னைக் கண்டதும் அவர் சொன்ன முதல் வார்த்தை, "உங்கட மான்தான் அக்கா. அந்தக் கொம்பு ஒடிஞ்சது. சுகமா ஓடினது, கண்டனான்."

பிறகு அவருடைய முகம் வாடிவிட்டது. "கை ஏலாது. எல்லாரின்ர கோப்பையும் வந்து கிடக்கு. எப்பிடித் திருப்பிக் குடுக்கிறது?" என்றார். முறிந்த கையைவிட அதுதான் அவருக்கு நோவு.

"நீங்கள் சொல்லுங்கோ தம்பி, நான் அடிக்கிறன்" என்று அவருடைய போனை வாங்கினேன். எல்லாருடைய பதிவையும் வாசித்துக் காட்டினேன். அவர் சொல்லச் சொல்ல அடித்தேன். கடைசியில் என்னுடையது வந்தது. ஆண்டு முடிய இருந்தது. தங்கச்சி இடமாற்றம் கேட்கச் சொல்லி நச்சரித்துக்கொண்டிருந்தாள், நானும் முடிவு சொல்லாமல் இருந்தேன். அவர் என்னைப் பார்க்காமல் மேலே கூரை மோட்டைப் பார்த்துக்கொண்டு சொன்னார்:

"மான் அக்கா ஊருக்குப் போகப்போறன் எண்டவ. அவ போனா மான்களுக்கு ஆர் இருக்கினம்? எங்களுக்கும் ஆர் இருக்கினம்? போட்டுவிடுங்கோ அக்கா."

என் பதிவுக்குக் கீழே என் விரலாலேயே அதை அடித்தேன். கண் நிறைந்து எழுத்து ஒன்றும் தெரியவில்லை.

நான் இடமாற்றம் கேட்கவில்லை. கை சுகமாகி அவர் மறுபடியும் திராட்சைப்பழத்தோடு திரிகிறார். அந்தப் பின்னூட்டத்துக்கு மட்டும் நான் இன்னும் பதில் போடவில்லை. எத்தனை தரம் எழுதிப் பார்த்தும் அந்தச் சின்னப் பெட்டிக்குள் அது அடங்கவில்லை. அதனால்தான் இங்கே எழுதுகிறேன். இந்தாங்கோ தம்பி, உங்கட கோப்பை. வெறுமையாத் தரேல்லை.