யான்கோவியாக் கோல் அடித்த சனிக்கிழமை

அன்புள்ள தங்கை கெர்லிண்டுக்கு,

அண்ணன் ஏவால்ட் எழுதிக்கொண்டது. இங்கே நானும் என் முழங்காலும் ஒருவரையொருவர் சகித்துக்கொண்டு சுகமாக இருக்கிறோம். நீயும் மாப்பிள்ளை மான்ஃப்ரெடும் அதைவிடச் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். ஞாயிற்றுக்கிழமை நீ வரும்போது எனக்கு ஒரே ஒரு உபகாரம் செய்ய வேண்டும். உன் கல்யாண ஆல்பத்தைத் தயவுசெய்து கொண்டுவராதே.

காரணம் இருக்கிறது. எங்கள் தோட்டச் சங்கத்தில் பதினான்காம் தோட்டத்துக்குப் புதிதாக வந்திருப்பவர் நோர்பெர்ட் யான்கோவியாக். நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை பார்த்துக்கொண்டே கால்பந்து பழகி, பதினாலு வருஷம் நம் ஊர் அணிக்கு மட்டுமே கோல் அடித்து, பெரிய ஊர்க்காரர்கள் கூப்பிட்டும் போகாத அதே யான்கோவியாக். ஆட்டத்தை விட்டு நாற்பது வருஷமாகிறது, வயது எழுபத்தைந்து, ஆனாலும் ரொட்டிக் கடையில் அவரைப் பார்த்தால் கடைக்காரம்மா வரிசையையே மறந்துவிடுகிறாள், அபராதச் சீட்டு எழுத வந்த போலீஸ்காரர் அந்தச் சீட்டிலேயே அவரிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு போகிறார், மதியம் ஒன்று முதல் மூன்று வரை சத்தம் கூடாது என்று நான் எழுதி மாட்டிய பலகைக்கு நேர் கீழே ஒரு கும்பல் நின்று பாடுகிறது, என் முள்ளங்கிப் பாத்தியோ மிதிபட்டுத் தரையோடு தரையாகக் கிடக்கு.

இதில் அவருடைய செடிவேலி ஒன்றரை மீட்டர். விதிப்படி ஒன்றேகால்தான். அளக்கும் பொறுப்பு என்னுடையது என்பதால் அளவு நாடாவோடு போனேன். காபி கொடுத்து உட்காரவைத்துவிட்டார். அங்கே எல்லோருக்கும் அந்த எழுபத்தெட்டாம் வருஷத்துக் கோலைப் பற்றித்தான் பேச்சு. கடைசி ஆட்டம், கடைசி நிமிஷம், அவர் தலையில் பட்டுப் பந்து உள்ளே போக, நம் அணி முதல் பிரிவிலிருந்து இரண்டாம் பிரிவுக்கு இறங்காமல் தப்பித்ததே, அது. அதை நேரில் பார்க்காதவன் இந்த ஊரில் ஒருத்தன் கிடையாது. நானும் வலைக்குப் பின்னால் நின்று பார்த்ததாக நாற்பத்தாறு வருஷமாய்ச் சொல்லிவருகிறேன். என் பக்கத்திலேயே நின்றதாகச் சங்கப் பொருளாளர் ரூடிகர் வேறு சாட்சி சொல்கிறார். உண்மையில் நான் எங்கே இருந்தேன் என்று உனக்குத் தெரியும். உன் கல்யாணத்துக்குச் சாட்சியாக, புது ஷூ காலைக் கடிக்க, தேவாலய வாசலில் நின்றேன். ஆல்பத்தின் முதல் படத்தில் என் தலைக்கு மேலேயே கோபுரக் கடிகாரம் ஐந்தேகால் காட்டுது. கோல் விழுந்த அதே நேரம்.

ஞாயிற்றுக்கிழமை அவருடைய பிறந்தநாள் விருந்து. நேரில் பார்த்தவன் என்று என்னை மேடையேற்றிப் பேசவைக்க ரூடிகர் ஏற்பாடு செய்துவிட்டார். நீயோ காபி மேஜையைக் கண்டாலே ஆல்பத்தை விரிப்பவள். என் மானம் உன் கையில் இருக்கும்மா.

பிள்ளைகளுக்கு என் ஆசிகள். மான்ஃப்ரெடுக்கு வணக்கம் சொல், அந்தத் தேதியைக் குறித்ததற்காக அவரை நான் இன்னும் மன்னிக்கவில்லை என்றாலும்.

உன் அண்ணன்,
ஏவால்ட்

பி.கு.: இதை ஒட்டுவதற்குள் இன்று காலை யான்கோவியாக் வேலிக்கு மேலே தலையை நீட்டி, விருந்தில் என்ன பேசப்போகிறாய் என்று கேட்டார். அந்த முகத்துக்கு நேராகப் பொய் வரவில்லை. எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். சிரித்துச் சிரித்து வேலியையே பிடித்துக்கொண்டார். "அன்னைக்கு மைதானத்துல இருந்தது பதினெட்டாயிரம் பேரு, ஏவால்ட். பாத்தேன்னு என் கையைக் குலுக்கினவங்க ஒரு லட்சத்துக்கு மேல இருக்கும். பாக்கலன்னு சொன்ன மொத ஆளு நீதான். எனக்கே பந்து தலையில பட்டதுதான் தெரியும், கண்ணை மூடிட்டிருந்தேன்ப்பா. அந்தப் போட்டோவைக் கொண்டுவரச் சொல்லு, நான் கையெழுத்துப் போடணும்" என்றார். ஆகவே ஆல்பத்தை மறக்காமல் கொண்டுவா. வேலி அப்படியே இருக்கட்டும். இதோ, ரூடிகர் என் வாசலில் வந்து நிற்கிறார். கையில் ஒரு பழைய படம். அதில் அவர் கடற்கரையில் நீச்சல் உடையில் நிற்கிறார், படத்தின் பின்புறம் கோல் விழுந்த அதே சனிக்கிழமைத் தேதி எழுதியிருக்கிறது. வேலியோரம் நாங்கள் பேசியது காதில் விழுந்திருக்கிறது போலும், அதிலும் கையெழுத்துக் கிடைக்குமா என்று கேட்கிறார்.