லிஃப்டில் சிக்கிய வரன்

அன்புள்ள அக்காவுக்கு,

உன் தங்கை எழுதிக்கொள்வது. இங்கே நான் சுகம். அங்கே நீயும் சுகமாகத்தான் இருப்பாய். கோபம் வந்துவிட்டால் உனக்குத் தலைவலிகூட எட்டிப் பார்ப்பதில்லை. போன வாரத்திலிருந்து நீ என் போனை எடுப்பதில்லை. அத்தானைக் கேட்டால், எப்போது கேட்டாலும், "குளிச்சிட்டிருக்கா" என்கிறார். ஒரு மனுஷி இத்தனை நாள் குளித்தால் உடம்பு என்னத்துக்கு ஆகும்? அதனால்தான் கடிதம். கிழித்துப் போடுவதாக இருந்தாலும் படித்துவிட்டுத்தான் கிழிப்பாய் என்ற நம்பிக்கையில், நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

நீ எனக்காகப் பார்த்து அனுப்பிய கால்நடை மருத்துவர் நல்ல மனிதர். அதில் சந்தேகமே இல்லை. சொன்ன நேரத்துக்கு வந்தார். நான்தான் தாமதம், நான் வேலை பார்க்கும் மூக்குக்கண்ணாடிக் கடையில் கடைசியாக வந்த அம்மாள் இருக்கிற ஃபிரேமையெல்லாம் போட்டுப் பார்த்துவிட்டு, பழையதே போதும் என்று எழுந்து போனாள். அதனால் நானும் அவரும் கீழேயே சந்தித்து, ஒன்றாக லிஃப்டில் ஏறினோம். அது பாதி வழியில், இரண்டு மாடிக்கும் நடுவில் நின்றுவிட்டது. விளக்கும் போயிற்று. மூடிய இடம் என்றால் எனக்குக் கைகால் உதறும் என்று உனக்குத் தெரியும். அவர் பாவம், "ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல, ஹோ, ஹோ" என்று மிரண்ட மாட்டைத் தட்டிக்கொடுப்பதுபோல என் முதுகைத் தட்டிக்கொடுத்தார். தொழில் பழக்கம், குற்றம் சொல்ல மாட்டேன். கொஞ்சம் தேவலை என்றுகூட இருந்தது. பிறகு உள்ளே ஒட்டியிருந்த அவசர எண்ணைச் செல்போன் வெளிச்சத்தில் படித்து, நான் தடுப்பதற்குள் அழைத்தும்விட்டார்.

அந்த எண் யாருடையது என்று இங்கே சொல்லியாக வேண்டும். சில மாதங்களாக எங்கள் கட்டடத்து லிஃப்டைப் பார்த்துக்கொள்வது என் முன்னாள் கணவர். சத்தியமாக நான் செய்த ஏற்பாடு இல்லை. அவருடைய கம்பெனி அனுப்பியது. முதல் தடவை பார்த்தபோது முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அடுத்த தடவை தண்ணீர் கேட்டார், கொடுத்தேன். அப்புறம் தண்ணீர் டீ ஆயிற்று. அதற்குமேல் என்ன ஆயிற்று என்று எழுத வெட்கமாக இருக்கிறது. ஒரே வீட்டில் குடித்தனம் நடத்திய காலத்தில் வாயைத் திறக்காத மனுஷன், இப்போது கிளம்புகிறேன் என்று எழுந்து, வாசற்படியில் நின்றபடியே ஒரு மணி நேரம் பேசுகிறார். ஊரறியத் தாலி கட்டியவரை ஊருக்குத் தெரியாமல் சந்தித்துக்கொண்டு, இந்த வயதில் எதிர்வீட்டு அம்மாவைக் கண்டு பயந்து சாகிறேன்.

சரி, லிஃப்டுக்கு வருகிறேன். அவர் வந்து கதவை நெம்பி, இடுக்கு வழியாகக் குனிந்து பார்த்தார். என் பக்கத்தில் ஒரு ஆள் நிற்பதைக் கவனிக்கவே இல்லை. "குட்டிம்மா, கண்ணை மூடிக்கோ. மூச்சை மெதுவா விடு. நான் வந்துட்டேன்ல?" என்றார். மருத்துவர் அவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"இவர் லிஃப்ட் ரிப்பேர் பண்றவர்தானே?"

"ஆமாங்க."

"எல்லாரையும் இப்படித்தான் கூப்பிடுவாரா?"

"என் முன்னாள் புருஷங்க" என்றேன்.

"முன்னாள்னு உங்க அக்கா சொன்னாங்க" என்று இழுத்தவர், "அவர்கிட்ட யாராவது சொன்னாங்களா?" என்று கேட்டார்.

வெளியே வந்ததும் டீகூடக் குடிக்காமல் படியிறங்கிப் போனார். தெருமுனையைத் தாண்டுவதற்குள் உனக்குப் போன் செய்திருப்பார் போலிருக்கிறது. நான் முகம் கழுவுவதற்குள் உன் அழைப்பு வந்துவிட்டது.

"அவன்கிட்டேர்ந்து உன்னை மீட்டுக் கொண்டுவர நான் பட்ட பாடு எனக்குத்தான்டி தெரியும். மறுபடியும் அவனேவா?"

"அவர் மாறிட்டார்க்கா."

"அவன் ரிப்பேர் பண்ற லிஃப்ட் மாதிரிதான் அவனும். மேல போவான், கீழ வருவான், வேற எங்கயும் போக மாட்டான்."

கோபத்திலும் நன்றாகத்தான் பேசுகிறாய். சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன். ஆனால் நீ போனை வைத்த பிறகு சாப்பிடப் பிடிக்கவில்லை. கோர்ட் வராந்தாவில் நீ என் கையை விடாமல் உட்கார்ந்திருந்ததை நான் மறக்கவில்லை, அக்கா. எனக்கு அழத் தெம்பில்லாத நாளில் என் பங்கையும் சேர்த்து நீதான் அழுதாய். அதனால்தான் நேற்று அவர், "மறுபடியும் கல்யாணம் பண்ணிக்கலாமா?" என்று கேட்டபோது, "எங்கக்கா பக்கத்துல நின்னா பண்ணிக்கலாம், இல்லேன்னா இல்ல" என்று சொல்லிவிட்டேன். மனுஷனுக்கு முகம் வெளிறிவிட்டது. அடுத்த மாதம் பதிவு அலுவலகத்துக்குப் போகலாம் என்றிருக்கிறோம். நீ வா. வந்து திட்டு. திட்டிக்கொண்டே சாட்சிக் கையெழுத்தைப் போடு.

அத்தானுக்கு வணக்கம், பொய் சொல்ல இன்னும் கொஞ்சம் பழகிக்கொள்ளச் சொல். பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு முத்தம்.

இப்படிக்கு,
இப்போதைக்கு உனக்கு ஆகாத உன் தங்கை

பி.கு.: உறையை ஒட்டப்போன நேரத்தில் அவர் அளவு நாடாவோடு வந்து என் துணி அலமாரியை அளந்தார். "உன் புடவையை எல்லாம் கொஞ்சம் நெருக்கி வெச்சா, பாதி எனக்குப் போதும்" என்றார். நெருக்கி வைத்தேன். பிறகு சோபாவில் உட்கார்ந்து செய்தித்தாளைப் பிரித்தவர், அதற்குப் பிறகு ஒரு வார்த்தை பேசவில்லை. பழைய குடித்தனம் அப்படியே கண்முன் வந்து நின்றது. "நமக்குக் கல்யாணம் வேண்டாங்க, இப்படியே வந்து போயிட்டிருங்க" என்றேன். கோபித்துக்கொள்வார் என்று பார்த்தால், "அப்பாடா!" என்று நாடாவைச் சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டு பேச ஆரம்பித்துவிட்டார், இருட்டும்வரை நிறுத்தவில்லை. ஆகவே மேலே கல்யாணம் பற்றி எழுதியதை அடித்துவிட்டுப் படித்துக்கொள். சாட்சி வேண்டாம். ஆனால் நீ வராமல் இருந்துவிடாதே. நெருக்கி வைத்த புடவைகளைக் கலைக்க மனம் வரவில்லை. அலமாரியில் பாதி காலியாகத்தான் கிடக்கிறது. நாலு நாளைக்குத் துணி எடுத்துக்கொண்டு வா.