மாடி வெயிலில் ஒரு சூரியகாந்தி

திருப்பதி வெயிலை ஆசையாகத் தேடிப் போய் வாங்கிக்கொண்ட ஒரே மனுஷி எங்கள் லேடீஸ் ஹாஸ்டல் சூரியகாந்திதான். சித்திரை மாதத்தில் காக்கைகூட தண்ணீர்த் தொட்டி நிழலில் ஒதுங்கும் நேரத்தில், அவள் மொட்டை மாடியில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு, கண்ணை மூடி, முகத்தைச் சூரியனுக்கு நேராக நிமிர்த்தி உட்கார்ந்திருப்பாள். பெயர் வைத்தது வார்டனம்மா. நிஜப் பெயர் ஆதார் அட்டைக்கு மட்டும்தான் தெரியும்.

எல்லாம் பருவால் வந்தது. அவளுக்கும் எனக்கும் முகம் நிறையப் பரு. நான் துப்பட்டாவால் மூடிக்கொண்டு திரிவேன். அவளோ நெசவுக்குப் பேர்போன நகரி ஊர்க்காரி, வீட்டில் தறி. அதனால் அவளிடம் ஒரு சித்தாந்தம் இருந்தது.

"சாயம் போட்ட நூலு ஈரமா கீது. இன்னா பண்றோம்? வெயில்ல போடறோம். காஞ்சிடுது. பருவும் ஈரந்தான்டீ. நீயும் வந்து குந்து."

குந்தினேன். மூளையும் சேர்ந்து காய்ந்துவிடும் போலிருந்ததால் இறங்கி ஓடிவந்துவிட்டேன்.

வேடிக்கை என்னவென்றால், முதலில் அவளுக்குப் பலித்த மாதிரிதான் தெரிந்தது. பருவெல்லாம் வற்றியது. கண்ணாடியும் கையுமாக அறை அறையாகப் போய்க் காட்டினாள். பிறகு, போன பருக்கள் சொந்தக்காரர்களையும் கூட்டிக்கொண்டு திரும்பி வந்தன. பழைய இடங்களில் கரும்புள்ளிகள் வேறு. நூல் வெயிலில் வெளுக்கும். இவள் முகம் கறுத்தது.

வார்டனம்மா அதட்டித் தோல் டாக்டரிடம் அனுப்பினார். டாக்டரம்மா மாத்திரையும், ராத்திரியில் பூச ஒரு கிரீமும் கொடுத்து, வெயிலில் போகாதே என்றாராம். சூரியகாந்தி கிரீமையும் விடவில்லை, மாடியையும் விடவில்லை.

"டாக்டரு பாதி வேல, சூரியன் பாதி வேல. சீக்கிரம் முடிஞ்சிடும்ல?"

முடிந்தது. முகம் தக்காளியாகச் சிவந்து எரிந்தது. அப்புறம் பழைய சுவரில் சுண்ணாம்பு உதிர்வதுபோலத் தோல் உரிந்தது. மறுபடி டாக்டரிடம் போனபோது துணைக்கு நான்.

"எண்டலோ கூர்ச்சுன்னாவா?" வெயிலில் உட்கார்ந்தாயா என்று டாக்டரம்மா தெலுங்கில் கேட்டார்.

"கொஞ்சம் மேடம்."

"கொஞ்சம்னா?"

"சூரியன் தலைக்கு மேல வந்து அந்தாண்ட எறங்கற வரிக்கும்."

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டார். இந்த மருந்துகளைப் போட்டால் தோல் வெயிலைத் தாங்காது, வெயில் பருவை ஆற்றாது, தழும்பைத்தான் கருக்கும் என்று பொறுமையாக விளக்கினார். முகம் ஆறும்வரை கிரீமை நிறுத்தச் சொல்லி, எண்ணெய்ப் பிசுக்கில்லாத ஸன்ஸ்கிரீன் எழுதிக் கொடுத்தார்.

அந்த வாரம்தான் எனக்குச் சித்தூரில் ஒரு கம்பெனியில் இன்டர்வியூ. காலையில் எழுந்தால் மூக்கு நுனியில் புதிதாய் ஒரு பரு, சிக்னல் விளக்கு மாதிரி. போர்வையை இழுத்து மூடிக்கொண்டேன்.

"நான் போவலக்கா. எல்லாரும் மூக்கையேதான் பாப்பாங்க."

"பக்கத்துல என் மூஞ்சி இருக்கச் சொல்லோ உன் மூக்க எவன்டீ பாக்கப் போறான்? ஏந்திரு."

தன் துணிக்கடை வேலைக்கு லீவு சொல்லிவிட்டுச் சூரியகாந்தியும் கிளம்பினாள். உரிகிற முகத்தில் வெள்ளையடித்த மாதிரி ஸன்ஸ்கிரீன். பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்ததும் குடையை விரித்தாள்.

கண்டக்டர் வந்து, "ஏமம்மா, பஸ்ஸுலோ வானா?" என்றார். பஸ்ஸுக்குள் மழையா என்று கேட்கிறார்.

"மழ இல்ல நைனா. சூரியன்," என்றாள் இவள். சித்தூர் வரை குடை மடங்கவில்லை.

கம்பெனி வரவேற்பறையில் எனக்குப் பக்கத்து நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தாள். உள்ளே வந்தவர்கள் திடுக்கிட்டு அவளைப் பார்த்தார்கள். அவளோ கல்யாண வீட்டில் வரவேற்பவள்போல ஒவ்வொருவரையும் பார்த்துச் சிரித்தாள். என் மூக்கை ஒருவரும் கவனிக்கவில்லை. என் பெயரைக் கூப்பிட்டபோது எனக்கே அந்தப் பரு மறந்து போயிருந்தது. அந்த வேலையில்தான் இன்றும் இருக்கிறேன்.

அன்று இன்டர்வியூ அறைக் கதவைத் தள்ளி உள்ளே போகுமுன் ஒருமுறை திரும்பினேன். அத்தனை பேரும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்கும் கண்ணை எடுக்க மனசு வரவில்லை.