குதிரை மேனேஜரும் கறுத்த தோலும்

ஆம்பூரில் அந்தக் காலத்தில் குதிரையைப் பற்றி எல்லாம் தெரிந்த மனிதர் ஒரே ஒருவர்தான். குதிரை எதிரே வந்தால் தெருவின் மறுபக்கம் ஓடிவிடுபவரும் அவர்தான். தோல் பதனிடும் எங்கள் டேனரியின் மேனேஜர். பெற்றோர் வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் இருந்தது. ஊருக்கெல்லாம் அவர் குதிரை மேனேஜர்.

காரணம் ஒரு புத்தகம். சீமைக்குத் திரும்பிய ஒரு துரையின் வீட்டு ஏலத்தில் இரண்டு இங்கிலீஷ் புத்தகங்களை எடுத்திருந்தார். ஒன்று, ஆபீஸை நிர்வாகம் செய்வது எப்படி என்பது. அதில் படம் இல்லாததால் மேஜைக் காலுக்கு முட்டுக் கொடுத்துவிட்டார். மற்றது குதிரை வளர்ப்பு. எங்கள் டேனரி முழுவதையும் அதை வைத்துத்தான் நிர்வாகம் செய்தார்.

வேலை கேட்டு வருகிறவன் முதலில் பல்லைக் காட்ட வேண்டும். பிறகு தோல் காயும் முற்றத்தில் இருபது அடி நடந்து காட்ட வேண்டும். தாய்வழி, தந்தைவழி இரண்டையும் விசாரிப்பார். கணக்கர் யாராவது தும்மினால் மூன்று நாள் தனி அறையில் உட்கார வைப்பார். இல்லாவிட்டால் சளி லாயம் முழுக்கப் பரவிவிடுமாம். அந்த மூன்று நாளும் வேலை கிடையாது. அதனால் எங்கள் கணக்கர்களுக்கு அடிக்கடி தும்மல் வந்தது.

நான் ரசாயனத்தில் பட்டம் வாங்கிக்கொண்டு, தோல் ஊறும் தண்ணீரைச் சோதிக்கும் வேலை கேட்டுப் போனபோது முதலாளி நெளிந்தார்.

"படிச்ச பொண்ணு, சரி. டேனரியில பொம்பளயா? பேஜாராய்டுமே, மேனேஜர்."

"இன்னா பேஜாரு, மொதலாளி? காட்டுக் குதிரைக் கூட்டத்துக்குத் தண்ணி இருக்கிற எடத்தக் காட்டுறதே பொட்டக் குதிரைதான். புக்குல போட்டிருக்குது. தண்ணி விசயத்துல ஆம்பளைய நம்பக் கூடாது."

என்னைப் பல்லைக் காட்டச் சொல்லவில்லை, அந்த மட்டும் மரியாதை. ஆனால் நடக்கச் சொன்னார். எனக்கு வந்த கோபத்தில் இருபது அடியையும் ஒரு மூச்சில் நடந்து முடித்தேன். "பாத்தீங்களா, நடையிலயே தெரியுது!" என்று மேனேஜர் பூரித்துப் போனார். ஒரு மாதம் பார்க்கலாம் என்று முதலாளி ஒப்புக்கொண்டார்.

மூன்றாவது வாரம் வந்தது வினை. பதனிட ஊறப்போட்ட குழியிலிருந்து எடுத்த ஆட்டுத்தோல் அத்தனையிலும் திட்டுத் திட்டாகக் கறுப்பு. மேஸ்திரிக்கு உடனே காரணம் தெரிந்துவிட்டது.

"பொம்பள குழியாண்ட வந்தா இப்டித்தான் ஆவும். நான் மொதல்லயே சொன்னேன்."

முதலாளி என்னைக் கூப்பிட்டார். "நாளைக்குச் சாயங்காலத்துக்குள்ள காரணம் தெரியணும்மா. இல்லன்னா நீ வீட்டுக்குப் போய்டு."

மறுநாள் காலையில் இரண்டு கண்ணாடிக் குவளைகளில் கடுக்காய்த் தண்ணீர் எடுத்துக்கொண்டேன். ஒன்றில் கிணற்றுத் தண்ணீரை ஊற்றினேன், நிறம் மாறவில்லை. மற்றதில், கிணற்றுக்கும் குழிக்கும் நடுவே இருந்த தொட்டியின் தண்ணீரை ஊற்றினேன். பேனாவைத் தொட்டு எழுதலாம் போல மையாகிவிட்டது. இரும்பு கலந்தால்தான் கடுக்காய் இப்படிக் கறுக்கும். தொட்டியில் இரும்பு கிடக்கிறது!

மேனேஜரிடம் ஓடிச் சொன்னேன். அவர் குவளையைப் பிடுங்கிக்கொண்டு முதலாளி அறைக்கு எனக்கு முன்னால் ஓடினார்.

"நான் சொல்லல? கண்டுபுடிச்சிட்டா! தொட்டியில எவனோ இரும்பப் போட்டிருக்கான், மொதலாளி. அந்த மடையன் யாருன்னு பாத்து இன்னிக்கே சீட்டக் கிழிச்சிடுங்க. தண்ணி இவ்ளோ கறுக்குதுன்னா ஒரு மூட்டையாவது..."

பேச்சு அங்கேயே நின்றது. குவளையை மெல்ல மேஜையில் வைத்தார்.

"எவன் போட்டான்?"

"நான்தான், மொதலாளி."

இளைத்த குதிரைக்கு இரும்பு ஊறிய தண்ணீர் கொடுத்தால் தெம்பு வரும் என்று புத்தகத்தில் இருந்ததாம். ஆட்கள் குடிப்பதும் அந்தத் தொட்டித் தண்ணீர்தான். எல்லோருக்கும் தெம்பு வரட்டும் என்று, ஜட்கா வண்டி ஸ்டாண்டிலிருந்து தேய்ந்த லாடங்களை ஒரு மூட்டை வாங்கிவந்து யாருக்கும் தெரியாமல் கொட்டியிருக்கிறார்.

முதலாளி உருதுவில் வெகுநேரம் கத்தினார். கத்தி ஓய்ந்ததும் இருபது வருஷப் பழக்கம் அவரைத் தடுத்தது போலும். குரலைத் தாழ்த்திக்கொண்டு, மேனேஜருக்குத் தப்பிக்க ஒரு வழி காட்டினார்.

"சின்னப் பொண்ணு, தப்பாக்கூடச் சொல்லியிருக்கலாம். இன்னொரு தபா பாக்கச் சொல்லட்டுமா?"

மேனேஜர் தலையை ஆட்டினால் போதும், அவர் வேலை தப்பிவிடும், என் வேலை போய்விடும்.

"வேணாம், மொதலாளி. அந்தப் பொண்ணு பாத்தாப் பாத்ததுதான்."

கோட்டைக் கழற்றி என்னிடம் கொடுத்துவிட்டு, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தொட்டியில் இறங்கி, லாடங்களை ஒவ்வொன்றாக எடுத்து வெளியே போட்டார். அடுத்த நாளிலிருந்து அவருக்கு தோலுக்குப் போடும் ஆவாரம்பட்டைக் கொட்டகையில் பட்டை நிறுக்கும் வேலை. நான் அங்கேயே பல வருஷம் இருந்தேன்.

அதற்குப் பிறகு கோட்டும் சூட்டும் போட்ட எத்தனையோ பெரிய மனிதர்கள் என் சோதனைத் தாளைப் பார்த்துவிட்டு, "இன்னொரு தரம் பார்த்துச் சொல்லுங்களேன், அம்மா" என்று கேட்டிருக்கிறார்கள். மறுபடி பார்த்து, அதையேதான் சொல்லியிருக்கிறேன். ஒவ்வொரு தடவையும், அந்தக் கிறுக்கு மனிதர் இப்போது பக்கத்தில் இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று மனம் ஏங்கும்.