லிஃப்ட் தரப்பு நியாயம்

உலகத்தில் உண்மை இன்னும் உயிரோடு இருக்கிறதென்றால், அதற்கு மாநகரின் நடுவில் ஒன்பது மாடிகளோடு எழுந்து நிற்கும் அந்த இதழியல் கல்லூரிதான் காரணம். அங்கே படித்தவர்கள் கண்ணால் பார்த்ததையும் சட்டென்று நம்புவதில்லை. மறுப்பு அறிக்கை வந்த பிறகுதான் நம்புவார்கள். அப்பேர்ப்பட்ட பயிற்சி.

இந்த மகத்தான கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தாள் கமா. எழுத உட்கார்ந்தால் வாக்கியத்தை முடிக்க மனசே வராமல் கமா போட்டுக்கொண்டே போவாள் என்பதால் வகுப்பு வைத்த பெயர். செய்முறைத் தேர்வன்று தாமதமாக ஓடிவந்தவள் லிஃப்டில் தனியாக ஏறினாள். தேர்வு ஆறாம் மாடியில். லிஃப்ட் ஆறாம் மாடியை எட்டியும் எட்டாமலும் ஒரு குலுக்குக் குலுக்கி நின்றது. கதவு கை நுழையும் அளவுக்குத் திறந்து, அத்தோடு தன் கடமை முடிந்ததென்று இருந்துவிட்டது. மின்விசிறியும் நின்றுபோனது. கமாவுக்குச் சின்ன வயதிலிருந்தே மூடிய இடம் ஆகாது. குளியலறையில் கூடத் தாழ்ப்பாள் போடமாட்டாள்.

"யாராவது இருக்கீங்களா?" என்று அலறினாள்.

இருந்தார்கள். மொத்த வகுப்பும் ஓடிவந்தது. முன்னால் துறைத்தலைவர். அவரைப் பார்த்ததும் கமாவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

"சார், மெக்கானிக்கைக் கூப்பிடுங்க சார்! மூச்சு முட்டுது!"

துறைத்தலைவரின் கண்கள் கலங்கின. ஆனந்தத்தில்தான்.

"பசங்களா, கேள்வித்தாளைக் கிழிச்சுப் போடுங்க. இன்னைக்குத் தேர்வே இதுதான். களம் நம்மளைத் தேடி வந்திருக்கு."

"சார், மெக்கானிக்..."

"இதோ பாரும்மா, நாம செய்தியாளருங்க. நடக்கிறதைப் பதிவு பண்ணலாம், நடுவுல புகுந்து மாத்தக் கூடாது. மெக்கானிக்கைக் கூப்பிட்டா ஒரு பக்கம் சாஞ்ச மாதிரி ஆயிடும். அப்புறம் நடுநிலை என்னாகுறது?"

கதவிடுக்கில் ஆள் வெளியே வர வழியில்லை. மைக் உள்ளே போக வழியிருந்தது. முதல் மைக்கை நீட்டியவள் கமாவின் அறைத்தோழி.

"லிஃப்டுல மாட்டிக்கிட்டு எப்படி ஃபீல் பண்றீங்க?"

காலையில் கூட 'வாடி, போடி' என்று பேசியவள். மதிப்பெண் என்றதும் 'நீங்க' வந்துவிட்டது.

"அடியே, என்னை வெளிய எடுங்கடி!"

"நன்றி. நேயர்களுக்கு வேற ஏதாவது சொல்ல விரும்புறீங்களா?"

பக்கத்தில் இன்னொருவன் கேமராவைப் பார்த்து முழங்கிக்கொண்டிருந்தான். "லிஃப்டில் சிக்கிக்கொண்டதாகக் 'கூறப்படும்' மாணவி..."

"கூறப்படுதா? அப்போ உள்ள நின்னு கத்துறது யாருடா?"

"அது உங்க தரப்பு. லிஃப்ட் தரப்பையும் கேக்கணும்ல?"

துறைத்தலைவர் அவனுடைய முதுகைத் தட்டிக்கொடுத்தார். உடனே ஒரு குழு கல்லூரி அலுவலகத்துக்குப் பறந்தது. திரும்பி வந்ததும் அலுவலகம் தந்த அறிக்கையை வாசித்தது: "லிஃப்ட் பழுதடையவில்லை. தற்காலிக ஓய்வு நிலையில் உள்ளது. வதந்திகளை நம்ப வேண்டாம்."

உள்ளே இருந்த வதந்திக்கு வியர்த்துக் கொட்டியது.

அடுத்து, வராந்தாவில் நாற்காலிகள் போட்டு 'நேரலை விவாதம்' தொடங்கியது. தலைப்பு: மாணவிகள் ஏன் லிஃப்டில் ஏறுகிறார்கள்? படியேறத் தெரியாத தலைமுறை என்று ஒருவன் வருத்தப்பட்டான். விளம்பரத்துக்காக ஏறியிருக்கலாம் என்று ஒருத்தி சந்தேகப்பட்டாள். துறைத்தலைவர் இரண்டு பேருக்கும் மதிப்பெண்ணை வாரி வழங்கினார்.

கமா கைபேசியை எடுக்கும்போதெல்லாம் வெளியே நிற்பவர்களில் யாராவது ஒருவர் பிரத்யேகப் பேட்டி கேட்டு அழைத்துக்கொண்டிருந்தார். துண்டித்துத் துண்டித்து விரல் ஓய்ந்தபோது அம்மாவின் அழைப்பு வந்தது.

"கண்ணு, யாரோ போன் பண்ணி, 'உங்க பொண்ணு லிஃப்டுல தவிக்கிறாங்க, பெத்த மனசு என்ன பாடுபடுது'ன்னு கேக்குறாங்கடி! உனக்கு ஒண்ணும் ஆகலையே?"

அவ்வளவு நேரம் அடக்கி வைத்திருந்ததெல்லாம் உடைந்துவிட்டது. "அம்மா, பயமா இருக்கும்மா" என்று தேம்பினாள் கமா. கேமராக்கள் இடுக்கை நெருக்கின.

"அப்படியே இருங்க. கண்ணீர் சரியா விழல. இந்தப் பக்கம் திரும்பி அழுங்க!"

எந்தப் பக்கமும் அழப் பிடிக்காமல் அவள் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். பொத்தான்களுக்கு மேலே லிஃப்ட் பராமரிப்பு நிறுவனத்தின் எண் ஒட்டியிருந்தது. அம்மாவிடம் தைரியம் சொல்லி வைத்துவிட்டு, அந்த எண்ணை அழுத்தினாள்.

எடுத்தவர் நிதானமாகக் கேட்டுக்கொண்டார். "பயப்படாதீங்கம்மா, ஆள் கிளம்பிட்டாரு. அதுக்குள்ள மெயின் சுவிட்சை யாராவது அணைச்சு வெச்சா நல்லது. வெளிய யாராவது இருக்காங்களா?"

கமா இடுக்கு வழியே எட்டிப் பார்த்தாள். வராந்தா நிரம்பி வழிந்தது. விவாதம் சூடுபிடித்து, கைதட்டல் கேட்டது.

"மனுஷங்க யாரும் இல்லைங்க," என்றாள். "நிருபருங்கதான் நிக்கிறாங்க."