வெள்ளாரம்பட்டித் துறைமுகம்

எங்கள் வெள்ளாரம்பட்டி பேரூராட்சி கடல் மட்டத்திலிருந்து ஆயிரத்து ஐந்நூறு அடி உயரத்தில் இருக்கிறது. கடலைப் பார்க்க வேண்டுமானால் பாப்பாரப்பட்டிக்குப் போய், அங்கிருந்து தருமபுரிக்குப் போய், அதன் பிறகும் இருநூறு கிலோமீட்டருக்குக் குறையாமல் போக வேண்டும். இப்படிப்பட்ட ஊருக்குத் துறைமுகம் அமைக்குமாறு சென்னையிலிருந்து கடிதம் வந்தபோது, பேரூராட்சி அலுவலகத்தில் யாரும் ஆச்சரியப்படவில்லை. அங்கே ஆச்சரியப்படுவதற்கென்று தனியாகப் பணியிடம் கிடையாது.

கடிதம் சுருக்கமானது. 'பார்வையில் கண்ட மாதையன் என்பாரின் மனு தொடர்பாக, தங்கள் பேரூராட்சியில் துறைமுகம் அமைத்திட உரிய இடம் தேர்வு செய்து, பயனாளிக்குத் தகவல் தெரிவித்து, அறிக்கை அனுப்புமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறது.'

மாதையன் லாரி ஓட்டியவர். மூன்று வருடத்துக்கு முன் தொப்பூர் கணவாயில் பிரேக் பிடிக்காத டிரெய்லர் ஒன்று வந்து மோதியதில் வலது கால் முழங்காலுக்குக் கீழே போய்விட்டது. செயற்கைக் கால் கேட்டு நான்கு மனுக்கள் போட்டிருந்தார். புளி மண்டி முதலாளி அவரிடம் ஒரு வாக்குக் கொடுத்திருந்தார்: "மேஸ்திரி வேலை இருக்குது மாதையா. மூட்டை ஏத்தறவங்கள நின்னு பாக்கணும், சுத்தி நடக்கணும். மாசி பொறந்தா புளி வந்துரும். அதுக்குள்ள கால மாட்டிக்கிட்டு வா. இல்லைன்னா வேற ஆளத்தான் பாக்கணும்."

ஆகவே தகவல் சொல்லக் கூப்பிட்டபோது மாதையன் ஊன்றுகோலோடு ஓடிவராத குறையாக வந்தார். செயல் அலுவலர் சந்திரமோகன் கடிதத்தைப் படித்துக் காட்டினார்.

"சார், நான் கேட்டது கால்ங்க" என்றார் மாதையன்.

"கால் கேட்ட ஆளுக்குத் துறைமுகமே குடுத்துருக்காங்க. சின்னதா கேட்டீங்க, பெருசா வந்துருக்குது. இதுல என்னா குறை?"

"துறைமுகத்த மாட்டிக்கிட்டு நடக்க முடியாதுங்களே."

இளநிலை உதவியாளர் சமரீன் கடிதத்தை வாங்கி இரண்டு தரம் பார்த்தாள். "சார், இது துறை முகாம்னு வந்திருக்கணும். துறையில இருந்து முகாம் போட்டு கால் குடுப்பாங்கல்ல, அது. ககரத்துக்குப் பக்கத்துல ஒரு கால் விட்டுப்போச்சு. ரெண்டு வார்த்தையும் ஒட்டிக்கிச்சு."

"உனக்குத் தமிழ் தெரியுதும்மா. தெரிஞ்சு என்னா பண்றது? மேலிடத்து எழுத்துல கால் சேர்க்க எனக்கு அதிகாரம் இருக்குதா?"

"ஒரு வார்த்தை கேட்டு எழுதலாம் சார்."

"கேட்டா, நமக்குப் புரியலைன்னு ஆயிரும்."

ஆக, அந்த அறையில் அன்றைக்குக் கால் இல்லாமல் இருந்தவை இரண்டு. ஒன்று மாதையன், மற்றது அந்தச் சொல். இரண்டுக்கும் கால் பொருத்த அலுவலகத்தில் வசதி இல்லை.

துறைமுகம் என்றால் எப்படி இருக்கும் என்பதை நேரில் அறியாமல் இடம் தேர்வு செய்வது முறையல்ல என்று பேரூராட்சித் தலைவர் அமுதவல்லி கருதினார். பக்கத்துப் பேரூராட்சித் தலைவர் போன மாதம் குடும்பத்தோடு கடற்கரைச் சாலையில் ரோடு ட்ரிப் போய், நாற்பத்தோரு ஸ்டேட்டஸ் வைத்திருந்தார். அவற்றை அமுதவல்லி ஒன்றுவிடாமல் பார்த்திருந்தார் என்பதும் இங்கே பதிவு செய்யத்தக்கது. பயணத்துக்கு 'கடலோரச் சாலைவழி ஒப்பீட்டுக் கள ஆய்வு' என்று பெயர் சூட்டப்பட்டது. பயனாளி இல்லாத ஆய்வுக்கு அனுமதி கிடைக்காதென்பதால் மாதையனும், கோப்பைச் சுமக்கச் சமரீனும் சேர்க்கப்பட்டார்கள். கறுப்புக் கண்ணாடிகள் வாங்கப்பட்டன. மாதையனுக்கும் ஒன்று.

புதுச்சேரியைத் தாண்டி, சவுக்குத் தோப்புகளைத் தாண்டி, இளநீர் குடிக்கிற மாதிரி ஒன்றும் கடலைப் பார்த்து யோசிக்கிற மாதிரி ஐந்துமாகப் படங்கள் எடுத்துக்கொண்டு, வண்டி முனைக்குப்பம் என்கிற சின்னத் துறைமுக ஊருக்குள் நுழைந்தது. ஒரு படகுத்துறை, ஒரு ஐஸ் பேக்டரி, தகரக் கூரை போட்ட மீன் ஏலக்கூடம், முப்பது படகுகள். காற்றில் உப்பும் டீசலும். ஏலம் விடுகிற அம்மாள் ஒருத்தி காலிக் கூடையைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்திருந்தாள். செயல் அலுவலர் அவளிடம் நோட்டைத் திறந்தார்.

"துறைமுகத்துக்கு முக்கியமா என்னம்மா வேணும்?"

அவள் அவரை மேலும் கீழும் பார்த்தாள். "தண்ணி."

தண்ணீர் வசதி ஏற்படுத்தப்பட வேண்டும் என்று அவர் எழுதிக்கொண்டார். "அப்புறம்?"

"ஆழம்."

"எங்க ஊர்ல போர் ஆயிரத்து இருநூறு அடி."

"யப்பா. எங்களுக்குப் பன்னெண்டு அடி இருந்தா படகு வந்துரும்."

"பாத்தீங்களா மேடம், நாம நூறு மடங்கு முன்னால இருக்கோம்" என்றார் சந்திரமோகன். அமுதவல்லி தலையசைத்தார். தண்ணீர் உப்பாக இருக்க வேண்டுமா என்று கேட்டார். இருக்கும் என்றாள் அந்த அம்மாள். எங்கள் ஊர்த் தண்ணீரைக் குடித்து மூன்று தலைமுறையாகப் பல் கறை பிடித்திருப்பதை நினைத்து அமுதவல்லிக்கு நம்பிக்கை பிறந்தது.

"உங்க ஊருக்குக் கடல் எவ்ளோ தூரம்?"

"கோப்புல இன்னும் குறிப்பிடல" என்றார் செயல் அலுவலர்.

அந்த அம்மாள் அவரை விட்டுவிட்டு மாதையனைப் பார்த்தாள். "உங்களுக்குக் கால் என்னாச்சுண்ணே?"

இத்தனை நாளில் அந்தக் கேள்வியைக் கேட்ட முதல் ஆள் அவள்தான். மாதையன் சொன்னார். அவள் கேட்டுவிட்டு எழுந்தாள். "அப்ப வாங்க. கூடத்துக்குள்ள நாப்பது கால் சும்மா கெடக்குது."

விஷயம் இதுதான். முனைக்குப்பத்தின் முகத்துவாரம் மணல் அடைத்துப் படகுகள் போகவர முடியாமல் முடங்கியதால், துறைமுகத்தைத் தூர்வாரித் தரச் சொல்லி ஊரார் மனுப் போட்டிருந்தார்கள். பதில் வந்தது: துறை முகாம் நடத்தப்படும். போன வாரம் ஒரு வேன் வந்து செயற்கைக் கால்களை ஏலக்கூடத்தில் இறக்கிவிட்டது. கூடவே ரஞ்சித்குமார் என்கிற டெக்னீஷியனும் இறங்கினார். அந்த ஊரில் எல்லோருக்கும் இரண்டிரண்டு கால்கள் இருந்தபடியால் அவர் தினமும் டீ குடித்துக்கொண்டிருந்தார்.

சமரீன் சிரித்துவிட்டாள். "எங்ககிட்ட விட்டுப்போன கால் இங்கதாங்க வந்துருக்குது."

ரஞ்சித்குமாருக்கு வேலை செய்யக் கை அரித்திருக்க வேண்டும். மாதையனை உட்கார வைத்து அளவெடுத்து, ஒன்றை எடுத்து, உள்ளே துணி சுற்றிச் சரிசெய்து மாட்டினார். மாதையன் ஊன்றுகோலைச் சுவரில் சாய்த்தார். மீன் செதில் ஒட்டிய சிமெண்டுத் தரையில் பதினோரு எட்டு நடந்தார். பின்னால் கடல் முழுசாக விரிந்து கிடந்தது. அவர் அதைப் பார்க்கவில்லை. தரையையே பார்த்துக்கொண்டு, திரும்பி, இன்னும் பதினோரு எட்டு நடந்தார்.

"நல்லா உக்காந்துருச்சுண்ணே" என்றார் ரஞ்சித்குமார். "வேற மாவட்டத்து ஆளுங்கிறதால உங்க ஆபீசரு ஆட்சேபணை இல்லைன்னு ஒரு கையெழுத்துப் போட்டாப் போதும். எடுத்துக்கிட்டுப் போயிரலாம். மாசக் கடைசி வரைக்கும் இங்கதான் இருப்பேன்."

எல்லோரும் செயல் அலுவலரைப் பார்த்தார்கள். அவர் பேனாவின் மூடியைத் திறந்து, மறுபடி மூடினார்.

"இதுல ஒரு சிக்கல் இருக்குது. கால் குடுத்தாச்சுன்னா மாதையன் மனு முடிஞ்சுபோயிரும். மனு முடிஞ்சா, கடிதத்துல பார்வைன்னு காட்ட ஒண்ணும் இருக்காது. பார்வை இல்லாத துறைமுகம் எப்படி வரும்?"

"சார், துறைமுகம் எப்படியும் வராதுங்க" என்றாள் சமரீன்.

"அத நாம முடிவு பண்ணக் கூடாது. ஊர்க்கூட்டம் முடிவு பண்ணட்டும்."

கால் கழற்றி வைக்கப்பட்டது. ரஞ்சித்குமார் அதன்மேல் பேனாவால் 'மாதையன், வெள்ளாரம்பட்டி' என்று எழுதித் தனியாக வைத்தார்.

இதற்குள் அமுதவல்லி அனுப்பிய படங்கள் ஊரின் வாட்ஸப் குழுவில் இறங்கியிருந்தன. அவர்கள் திரும்பி வருவதற்குள் ஊர் கடற்கரையாகிவிட்டிருந்தது. சீமைக் கருவேலம் மண்டிய ஏரிக்கரையில் தரகர் சிவக்குமார் 'சீ வியூ அவென்யூ' என்று பலகை நட்டிருந்தார். அப்துல் சுபான் பாயின் மெத்தைக் கடையில் மிதவைச் சட்டைகள் தொங்கின. "விக்குதுங்களா பாய்?" என்று நான் கேட்டதற்கு, "வாங்கிப் போட்டுப் பாக்கறாங்கம்மா, குளிருக்கு நல்லாருக்குதாம்" என்றார். பெண்கள் தலையை விரித்துவிட்டு ஏரி மேட்டில் நின்று ரீல்ஸ் எடுத்தார்கள். சாயங்காலத்தில் அடிக்கிற வழக்கமான புழுதிக்காற்றைக் கடற்காற்று என்று சொல்லக் கேட்டேன். நானே ஒருநாள் அப்படிச் சொன்னேன்.

மாசி பிறக்க ஆறு நாள் இருக்கையில் சமுதாயக்கூடத்தில் சிறப்பு ஊர்க்கூட்டம் நடந்தது. மாதையனை முதல் வரிசையில் நாற்காலி போட்டு உட்கார வைத்து மாலை போட்டார்கள். வீடியோவில் நன்றாக இருக்காது என்று ஊன்றுகோலை வாங்கிக் கதவுக்குப் பின்னால் வைத்தார்கள்.

"எனக்கு ஒரு கையெழுத்துப் போதுங்க" என்றார் மாதையன். "பஸ் ஏறி நானே போயி வாங்கிக்கிறேன். மண்டிக்காரரு இன்னைக்கும் ஆள் அனுப்பிக் கேட்டாரு."

"புளி மண்டி என்னா பெரிய மண்டி" என்றார் அமுதவல்லி. "துறைமுகம் வரட்டும், அங்கயே உனக்கு வேலை போட்டுக் குடுக்கறோம்."

"என்னா வேலைங்க மேடம்?"

"மேஸ்திரி வேலைதான். கப்பல்ல மூட்டை ஏத்தறவங்கள நின்னு பாக்கணும்."

கூடம் கைதட்டியது. செயல் அலுவலர் தீர்மானத்தைப் படித்தார். 'பயனாளி மாதையன் தமது மனுவில் கோரியது துறைமுகமே என்றும், கால் என்பது எழுத்துப்பிழை என்றும் இக்கூட்டம் ஏகமனதாகக் கருதுகிறது. ஆதரிப்போர் எழுந்து நிற்கவும்.'

எல்லோரும் எழுந்து நின்றோம். அவருடைய மனைவி தீர்த்தம்மாளும் நின்றாள். சிவக்குமார் அவளுக்கு சலுகை விலையில் ஒரு மனை சொல்லியிருந்தார். மாதையன் மட்டும் நாற்காலியில் இருந்தார். சமரீன் பதிவேட்டில் எழுதினாள்: ஒருவர் எதிர்ப்பு.

"எதிர்ப்புன்னு போனா மேலிடம் விளக்கம் கேக்கும்" என்றார் செயல் அலுவலர். "அதுவும் மனுதாரரே எதிர்ப்புன்னா எப்படி அனுப்பறது?"

"அவரு எதிர்க்கல சார். அவரால நிக்க முடியல" என்றாள் சமரீன்.

"அத எழுதப் பதிவேட்டுல தனிக் காலம், கட்டம் எதுவும் இல்லம்மா."

பிறகு சிவக்குமார் முன்னால் வந்து மாதையனின் வலது கையைத் தன் தோள்மேல் போட்டுக்கொண்டார். இடது பக்கத்துக்கு ஒரு ஆள் தேவைப்பட்டது. பக்கத்தில் இருந்தவள் நான். ஏரிக்கரையில் எனக்கும் நாலு சென்ட் உண்டு.

தூக்கி நிறுத்தினோம். மாதையன் எங்கள் மேல் பாரம் விழாமல் பார்த்துக்கொண்டார்.

சமரீன் எழுதியதை அடித்தாள். தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது.