பிரேக் அண்ணனும் தர்ஷினியின் முழங்கையும்

சபாக்கிலிருந்து கோல சிலாங்கூர் வரை சல்லடை போட்டுத் தேடினாலும் பிரேக் அண்ணனைப் போல் இன்னொருவர் கிடைக்க மாட்டார். சாஃப்ட்பால் பந்தை வாழ்நாளில் ஒரு முறைகூடக் கையில் பிடிக்காமல், அதை எப்படி வீச வேண்டும் என்று ஒரு பயிற்சியாளருடன் எட்டு மாதம் சண்டை போட்டவர் அவர். அந்த எட்டு மாதத்தில் அந்தப் பயிற்சியாளரிடம் நேராக ஒரு வார்த்தைகூடப் பேசியதில்லை. அவ்வளவு சண்டையும் என் வாய் வழியாகத்தான் நடந்தது.

அவர் என் மகள் படிக்கும் பள்ளியின் பஸ் ஓட்டுநர். பஸ்ஸை ஓட்டிக்கொண்டிருக்கும்போது மனதில் ஏதாவது யோசனை வந்துவிட்டால் போதும், பிரேக்கை மிதித்துவிடுவார். அவருக்கு ஒரு நாளைக்கு நாற்பது யோசனை வரும். எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டத்துக்கு நடுவே, குறுக்கே ஒரு கோழிகூட வராத ரோட்டில், பஸ் திடீரென்று நிற்கும். பிள்ளைகளின் மூக்கெல்லாம் முன் சீட்டில் போய் ஒட்டிக்கொள்ளும். அண்ணன் திரும்பாமலேயே, "ஏன் புள்ளைங்களா, இந்த செம்பனைக்கு மட்டும் ஏன் கிளை இல்ல?" என்று கேட்பார். பஸ் மறுபடியும் கிளம்பும்.

ஓட்டாத நேரத்தில் அவரைப் பார்த்தால் நமக்கே கை கால் பரபரக்கும். துடைத்த கண்ணாடியைத் துடைப்பார். டயரை உதைத்துப் பார்ப்பார். பஸ்ஸுக்குள் ஏறி சீட்டுகளை எண்ணுவார், ஏதோ ஒரு சீட்டு நடுவில் இறங்கிப் போயிருக்கும் என்பதைப் போல. வாரத்தில் மூன்று நாள் சாஃப்ட்பால் பயிற்சி முடியும்வரை பள்ளித் திடலுக்கு வெளியே அவர் இரண்டு மணி நேரம் காத்திருக்க வேண்டும். இப்படிப்பட்ட மனிதரை இரண்டு மணி நேரம் சும்மா இருக்கச் சொன்னால் என்ன ஆகும்? சாஃப்ட்பால் படித்துவிட்டார். வேலிக்கு வெளியே நின்று, கைப்பேசியில் உலகத்தில் உள்ள பந்து வீச்சு வீடியோவையெல்லாம் மெதுவாக ஓட்டிப் பார்த்தார். பிறகு அதைவிட மெதுவாக ஓட்டிப் பார்த்தார்.

சாஃப்ட்பாலில் பந்து வீசுகிறவள் கையைத் தலைக்கு மேலே ஒரு முழுச் சுற்று சுற்றி, இடுப்புக்குப் பக்கத்தில் பந்தை விட வேண்டும். விட்ட பிறகு கை எங்கே போக வேண்டும் என்பதில்தான் தகராறு. அணியின் பயிற்சியாளர் கோமதி டீச்சர் ஒரு காலத்தில் மாநிலத்துக்கு ஆடியவர். பந்தை விட்டதும் கையை மடக்கி முழங்கையை மேலே தூக்கி, விரல்கள் தோளைத் தொடும்படி முடிக்க வேண்டும் என்பது அவர் கட்சி. பிரேக் அண்ணன் கட்சி வேறு. கை அதுபாட்டுக்குப் போகட்டும், யாரும் அதை மடக்க வேண்டாம் என்பார். இந்த இரண்டு கட்சிக்கும் நடுவில் பந்தைப் பிடித்துக்கொண்டு நின்றவள் என் மகள் தர்ஷினி. அணியில் உருப்படியாகப் பந்து வீசத் தெரிந்தவள் அவள் ஒருத்திதான்.

"அண்ணே, நீங்களே போய் டீச்சர்கிட்ட சொல்லுங்களேன்" என்று முதல் நாளே கேட்டேன்.

அண்ணன் நாலடி பின்னால் போனார். "ஐயோ, அது ஆவாது தங்கச்சி. டீச்சர எதுத்துப் பேசினா சோறு கிடைக்காதுன்னு எங்கப்பா சொல்லியிருக்காரு. எங்க எஸ்டேட் ஆபீஸ்ல கணக்கு பாக்கற கிராணியக்கூட எதுத்துப் பேசுவோம். டீச்சர பேச மாட்டோம்."

"எதுத்துப் பேசாம, மெதுவா சொல்லலாமில்ல?"

"எனக்கு மெதுவா வராது. நீங்க சொல்லுங்க."

நான் ஹார்ட்வேர் கடையில் கணக்கெழுதுகிறவள். மாலையில் மகளைப் பார்க்க ஆசையாகத் திடலுக்கு வந்தால் இந்த உத்தியோகம் மாட்டிக்கொண்டது. வேலியிலிருந்து டீச்சர் நிற்கும் இடத்துக்கு நாற்பது எட்டு எடுத்து வைக்க வேண்டும். போக நாற்பது, வர நாற்பது. அந்த வருடம் அணியில் யாரும் என்னளவுக்கு ஓடவில்லை. என் கணவர் இதில் தலையிடவே இல்லை. உனக்கு நடைப்பயிற்சி ஆச்சு என்று சொல்லிவிட்டு தொலைக்காட்சி பார்க்கப் போய்விட்டார்.

அண்ணன் சேதி சொன்னால் சுருக்கமாகச் சொல்ல மாட்டார். மாதிரிக்கு ஒன்று தருகிறேன்.

"தங்கச்சி, டீச்சர்கிட்ட சொல்லுங்க, அந்த முழங்கையத் தூக்கறது சரியில்ல. கை ஊஞ்சல் மாதிரி போவணும். ஊஞ்சல யாராச்சும் பாதியில புடிச்சு மடக்குவாங்களா? ஒரு வெள்ளக்காரப் பொண்ணு போடுது, வீடியோ இருக்கு, காட்டறேன். நம்ம புள்ள போடறப்ப பல்லக் கடிக்குது. பஸ்ல ஏறறப்ப பைய இடது தோள்ல மாட்டுது, முந்தியெல்லாம் வலது. நாலு நாளா நான் டயர்ல காத்துகூட பாக்கல, இதே நெனப்பு. அப்புறம் பந்து புடிக்கிற அந்த கேட்சர் புள்ள குனியறதும் சரியில்ல, அத நாளைக்கு சொல்றேன்."

நாற்பது எட்டு நடப்பதற்குள் இதில் பாதி மறந்துவிடும். மறக்காததில் பாதியை நானே வெட்டிவிடுவேன். டீச்சரிடம் போய்ச் சேர்வது இவ்வளவுதான்: "கைய கொஞ்சம் லூசா விடலாமான்னு அண்ணன் கேக்கறாரு டீச்சர்."

டீச்சர் விசிலை வாயிலிருந்து எடுக்காமலே சொல்வார். "அக்கா, பஸ்ல எப்படி கியர் போடணும்னு நான் அவருக்கு சொல்லித் தர்றேனான்னு கேளுங்க."

திரும்பி நாற்பது எட்டு. "யோசிக்கிறேன்னு சொன்னாங்க அண்ணே."

ஒரு நாள் அண்ணன் சொல்லில் நம்பிக்கை இழந்து செயலில் இறங்கினார். பஸ் கழுவும் வாளியில் பாதி தண்ணீர் எடுத்து, பந்து வீசுகிறவள் மாதிரி தலைக்கு மேலே ஒரு சுற்று சுற்றினார். ஒரு சொட்டு சிந்தவில்லை. "இது என் ஸ்டைல். இப்ப டீச்சர் ஸ்டைல் பாருங்க" என்று இன்னொரு சுற்று சுற்றி, முடிவில் முழங்கையை மடக்கினார். அரை வாளி தண்ணீரும் என் மேல் வந்து சேர்ந்தது. அலுவலக உடையோடு சொட்டச் சொட்ட நாற்பது எட்டு நடந்து போய் சேதியைச் சொன்னேன்.

கோமதி டீச்சர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "பந்துக்குள்ள தண்ணி இல்லன்னு அவர்கிட்ட சொல்லிடுங்க அக்கா" என்றார்.

அன்றைக்குத்தான் எனக்குப் பொறுமை போயிற்று. ஈரத்தில் நடுங்கிக்கொண்டே ஒரு காரியம் செய்தேன். அண்ணனிடம், "டீச்சர் ஒத்துக்கிட்டாங்க அண்ணே. கொஞ்சம் கொஞ்சமா மாத்திடறேன்னாங்க" என்றேன். அடுத்த பயிற்சியன்று டீச்சரிடம், "அண்ணன் ஒத்துக்கிட்டாரு டீச்சர். நீங்க சொல்றதுதான் சரியாம்" என்றேன். பொய்தான், ஆனால் ஊரே அமைதியாகிவிட்டது. அண்ணன் டீச்சருக்கு என் கையில் வாழைப்பழத்தைப் பொரித்த பீசாங் கோரேங் கொடுத்தனுப்பினார். டீச்சர் பதிலுக்குத் தேத்தண்ணி வாங்கி அனுப்பினார். இந்தத் திறமையை வைத்துக்கொண்டு நான் ஹார்ட்வேர் கடையில் ஆணி விற்ற கணக்கு எழுதிக்கொண்டிருக்கிறேனே என்றுகூட நினைத்தேன்.

இரண்டு வாரம் கழித்து சுங்கை பெசாரில் பள்ளிகளுக்கிடையே ஆட்டம். காலையில் ஒன்று, மத்தியானம் ஒன்று. அண்ணன்தான் பஸ் ஓட்டினார். வழி நெடுக வயல், வயலுக்கு நடுவே ஒன்பது தடவை பிரேக். நான் லீவு போட்டுவிட்டு முன் சீட்டில் உட்கார்ந்திருந்தேன்.

தர்ஷினி முதல் பந்தை வீசக் கையைச் சுற்றினாள். "முழங்கை" என்று டீச்சர் கத்தினார். டீச்சர் தன் கட்சிக்கு வந்துவிட்டார் என்ற தைரியத்தில் அண்ணன், வாழ்க்கையில் முதல் முறையாக, வேலிக்கு அந்தப் பக்கமிருந்து கத்தினார். "கைய விடு தங்கம், டீச்சரே சொல்லிட்டாங்க." டீச்சர் வெடுக்கென்று திரும்பிப் பார்த்தார். தர்ஷினியின் கை பாதிச் சுற்றில் நின்றது. பந்து அவள் காலடியில் விழுந்தது. அம்பயர் விதிமீறல் என்று கை தூக்கினார். இரண்டாவது பந்துக்கும் அதே கதை. நான் பஸ்ஸுக்குப் பின்னால் போய் எட்டிப் பார்த்தபடி நின்றுகொண்டேன்.

மூன்றாவது பந்தை அவள் வீசவே இல்லை. டீச்சரிடம் நடந்து போய் பந்தை அவர் கையில் வைத்தாள்.

"நான் போட மாட்டேன் டீச்சர். இன்னைக்கி மட்டும் இல்ல, இனிமே எப்பவும். நீங்க ஒன்னு சொல்றீங்க, அங்கிள் ஒன்னு சொல்றாரு, அம்மா நடுவுல நின்னு ரெண்டு பேர்கிட்டயும் கதை விடறாங்க. நேரா பேசிக்கோங்க. அது வரைக்கும் என்னய விட்டுடுங்க."

அவள் பஸ்ஸில் ஏறிக் கடைசி சீட்டில் போய் உட்கார்ந்துகொண்டாள். வேறொரு பெண் ஒப்புக்குப் பந்து வீச, அந்த ஆட்டம் கையை விட்டுப் போனது. பத்து வயதிலிருந்து இந்தப் பந்தைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு தூங்கிய பிள்ளை. அவள் இனிமே எப்பவும் போட மாட்டேன் என்றுவிட்டாள். கோபத்தில் சொல்கிற பிள்ளை அழும். இவள் அழவில்லை.

சாப்பாட்டு நேரத்தில் டீச்சர் நேராக பஸ்ஸை நோக்கி வந்தார். அண்ணன் ஓடுவதற்கு வழி பார்த்தார். ஒரு பக்கம் வாய்க்கால், மறு பக்கம் டீச்சர். வேறு வழியில்லாமல் பஸ்ஸில் ஏறி தன் சீட்டில் உட்கார்ந்து, ஓடாத பஸ்ஸின் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டார். டீச்சரும் ஏறினார். நான் பின்னால் ஏறினேன்.

"பேசுங்க அண்ணே" என்றார் டீச்சர்.

"டீச்சர், நீங்க எனக்குப் பின்னால உள்ள சீட்டுல உக்காருங்க" என்றார் அண்ணன், கண்ணாடிக்கு வெளியே வயலைப் பார்த்தபடி. "எனக்கு மூஞ்சியப் பாத்துப் பேச வராது. இந்தக் கண்ணாடில பாத்துப் பேசுவேன். இருவது வருசமா புள்ளைங்களோட அப்படித்தான்."

டீச்சர் உட்கார்ந்தார். தலைக்கு மேலே இருந்த நீளக் கண்ணாடியை அண்ணன் கொஞ்சம் சரித்தார். அதில் டீச்சர் முகம் தெரிந்தது, அவருக்குப் பின்னால் கடைசி சீட்டு வரைக்கும் தெரிந்தது.

"எந்த ஸ்டைலு சரின்னு சத்தியமா எனக்குத் தெரியாது டீச்சர். நான் பந்தே தொட்டதில்ல. ஆனா இந்தக் கண்ணாடில எனக்குத் தெரியும். எட்டு மாசமா புள்ள பைய வலது தோள்ல மாட்டல. ஜன்னலத் தெறக்க இடது கை. தண்ணி பாட்டில் மூடிய பக்கத்துல உள்ள புள்ளகிட்ட கொடுத்துத் தெறந்து வாங்குது. பந்து போட்ட நாள்ல இன்னும் மோசம். கேட்டா ஒன்னும் இல்ல அங்கிள்னு சொல்லுது. அதான் அந்த முழங்கையா இருக்குமோன்னு... தங்கச்சிகிட்ட மொத நாள்லேருந்து சொல்லி அனுப்பறேனே."

டீச்சர் என் பக்கம் திரும்பினார். அவரிடம் சொன்னதையெல்லாம் நான் மனதில் எண்ணிப் பார்த்தேன். வெள்ளைக்காரப் பெண்ணை ஒரு நாள் சொன்னேன். ஊஞ்சலை இன்னொரு நாள் சொன்னேன். பையை மட்டும் வழியிலேயே வெட்டிப் போட்டுவிட்டேன். அவளுக்கு தினமும் தலை வாரிவிடுகிறவள் நான். அவள் கையைத் தூக்கும்போது முகம் சுளிப்பதை நான் ஒரு நாள்கூடப் பார்க்கவில்லை. கண்ணாடியில் பார்த்த மனிதர் எட்டு மாதம் என் பின்னாலேயே சொல்லிக்கொண்டிருந்தார். நான்தான் அவர் பேச்சை அவருடைய கோணங்கித்தனம் என்று எண்ணிக் கத்தரித்துக்கொண்டிருந்தேன். எனக்கு வெட்கமாக இருந்தது.

டீச்சர் கடைசி சீட்டுக்கு நடந்தார். "வலிக்குதா?"

தர்ஷினி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். "சொன்னா டீம்லேருந்து எடுத்துடுவீங்க."

டீச்சர் அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். தன் வலது தோளைத் தடவிக்கொண்டார். பிறகு, "எனக்கும் வலிச்சிச்சி. நானும் சொல்லல. இப்ப இந்தக் கையால பின்னால முடி கட்ட முடியாது, தெரியுமா உனக்கு" என்றார். அப்போதுதான் என் மகள் அழுதாள்.

மத்தியான ஆட்டத்தில் அவளை இறக்கவில்லை. அதிலும் தோற்றோம். மறுநாள் மருத்துவரிடம் காட்டினோம். தோள் தசை வீங்கியிருக்கிறது, இரண்டு மாதம் பந்தைத் தொடக் கூடாது, நல்ல வேளை இப்போதே வந்தீர்கள் என்றார். அந்த இரண்டு மாதமும் தர்ஷினி அண்ணனைவிடப் பரபரத்துக்கொண்டிருந்தாள். சுவரைப் பார்த்தால் காலால் உதைத்தாள். கோமதி டீச்சர் அந்த நேரத்தில் வேறு பள்ளிப் பயிற்சியாளர்களிடம் கேட்டு, தானும் வீடியோ பார்த்து, கையை மடக்காமல் முடிப்பது எப்படி என்று படித்துக்கொண்டார். தான் தப்பு என்று சொல்லவில்லை. அண்ணனும் தான் சரி என்று சொல்லவில்லை. அவருடைய சண்டை முழங்கையிலிருந்து கீழே இறங்கி, முன் கால் எங்கே ஊன்ற வேண்டும் என்பதற்கு வந்துவிட்டது. டீச்சர் பஸ்ஸில் ஏறி ஓட்டுநருக்குப் பின் சீட்டில் உட்கார்ந்தால், பிள்ளைகள் காதைப் பொத்திக்கொள்வார்கள். இருவரும் இப்போது நேராகவே சண்டை போடுகிறார்கள், கண்ணாடி வழியாக.

தர்ஷினி திரும்பவும் பந்தை எடுத்த அன்று கடைக்கு லீவு சொல்லிவிட்டுத் திடலுக்குப் போனேன். அண்ணன் வேலியருகே நின்றிருந்தார். டயரை உதைக்கவில்லை, கண்ணாடியைத் துடைக்கவில்லை. அவள் கையைச் சுற்றினாள், பந்து போனது, கை அதுபாட்டுக்குப் போய் நின்றது. முகம் சுளிக்கவில்லை. நான் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன், பந்து எங்கே போய் விழுந்தது என்று எனக்குத் தெரியாது.

அண்ணனுக்கு நன்றி சொல்ல வாய் திறந்தேன். "பசியாறிட்டீங்களா அண்ணே?" என்றுதான் கேட்க முடிந்தது.

"அத விடுங்க தங்கச்சி, அந்த முன் காலப் பாத்தீங்களா..." என்று அவர் ஆரம்பித்தார். கால், இடுப்பு, கேட்சர், அம்பயரின் தொப்பி என்று முக்கால் மணி நேரம் பேசினார். ஒரு வார்த்தை விடாமல் கேட்டேன்.